கப்பல் வந்து நின்றது, பெற்றோல் வரவில்லை

2022 மே 18ஆம் திகதி பாராளுமன்றத்தில் அப்போதைய எரிசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர ஒரு விசயத்தைச் சொன்னார். மார்ச் 28ஆம் திகதியிலிருந்து பெற்றோல் ஏற்றிய கப்பலொன்று இலங்கைக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கிறது. அதற்குக் கட்ட டொலர் இல்லை. அதே நிறுவனத்துக்கு ஜனவரியில் வந்த சரக்குக்கும் 53 மில்லியன் டொலர் பாக்கி. இரண்டையும் தீர்க்காமல் பெற்றோலை இறக்க அவர்கள் தயாரில்லை.

அப்ப கொழும்பில் என்ன நிலைமை என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கமும் சரி, கொட்டாஞ்சேனைப் பக்கமும் சரி, பெற்றோல் செட்டுக்கு முன்னால் ஓட்டோக்கள் வரிசையாக இரவு பகலாக நின்றன. நாட்டின் பல இடங்களில் சனம் கியூவில் நின்றே செத்தும் போனது.

அந்தக் கப்பலைப் பற்றித் தெரியாத தகவல் ஒன்றும் இல்லை. எங்கே நிற்கிறது, என்ன ஏற்றியிருக்கிறது, எவ்வளவு கட்டவேண்டும், யாருக்குக் கட்டவேண்டும், எல்லாம் தெரியும். ஐம்பது நாள் கடந்தும் பெற்றோல் கரைக்கு வரவில்லை. ஏனென்றால் அறுந்திருந்தது தகவல் இல்லை. "இவன் காசு தருவான்" என்ற நம்பிக்கை அறுந்திருந்தது.

விநியோகச் சங்கிலி என்ற சொல்லை நாங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்ததைவிட அந்த வருடத்தில் வீதியில்தான் அதிகம் படித்தோம். நாங்கள் முகாமைத்துவம் படிக்கிறவர்களும் இல்லை. ஆனால் இந்த நாட்டில் எந்தத் தட்டுப்பாடு வந்தாலும் முதலில் வருகிற பேச்சு, "இதுக்கு ஒரு அப் செய்தால் சரி" என்பதுதான். பெற்றோல், காஸ், பால்மா, உரம், மருந்து எல்லாவற்றுக்கும் இதே பதில்தான் கேட்கிறோம். அந்தப் பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவைத்து யோசிக்கவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறோம். ஒரு பொருள் எங்களிடம் வந்துசேர இரண்டு விசயம் வேண்டும்: என்ன எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு முறைமை, கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் இடையில் ஒரு உறவு. எங்கட அனுபவத்தில் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் கட்டிவிட்டு மற்றதை விட்ட ஒவ்வொரு தடவையும் கடைசியில் நிற்கிற ஆள்தான் அடி வாங்கியிருக்கிறார்.

முதலில் கியூஆர் முறைக்குக் கொடுக்கவேண்டிய மரியாதையைக் கொடுப்போம்.

2022 ஜூன் 26ஆம் திகதி 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா ஆனது. ஆறு மாதத்துக்கு முன்னர், 2021 டிசம்பரில், அது 177 ரூபா. அடுத்த நாள், ஜூன் 27, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. செட்டுகளில் இராணுவம் நின்று கையால் டோக்கன் கொடுத்தது. அதற்குப் பிறகு ஜூலை நடுப்பகுதியில் தேசிய எரிபொருள் அட்டைக்கான பதிவு தொடங்கி, ஆகஸ்ட் 1 முதல் நாடு முழுக்க கியூஆர் காட்டினால்தான் எண்ணெய் என்றானது. கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகமும் தனியார் துறையில் இருந்து வந்த பொறியியலாளர்களும் சேர்ந்து சில கிழமைக்குள் அதைக் கட்டிமுடித்தார்கள். கியூக்கள் சில நாளில் சுருங்கின. அது நடந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

அது ஏன் வேலை செய்தது என்று விளங்க ஒரு சின்னக் கணக்குப் போதும். சாதாரண காலத்தில் எல்லாருடைய ராங்கும் பாதி நிரம்பி, பாதி வெறுமையாகத்தான் ஓடும். நாளைக்கும் செட் திறந்திருக்கும் என்று தெரிந்ததால் யாரும் கவலைப்படுவதில்லை. "நாளைக்கு இல்லை" என்று ஒரு கதை வந்தால் எல்லாரும் ஒரே நாளில் முழு ராங்கும் நிரப்பப் போவார்கள். யாரும் வழமையைவிட ஒரு கிலோமீற்றர்கூட அதிகம் ஓடவில்லை, ஆனால் செட்டில் கேட்கிற அளவு ஒரே நாளில் பல மடங்காகும். செட் காலியாகும். காலியான செட்டைப் பார்த்து மற்றவர்களும் கானோடு ஓடுவார்கள்.

இதை வணிகத்துறையில் சாட்டை விளைவு என்று சொல்லுகிறார்கள். சாட்டையின் பிடியைச் சும்மா அசைத்தால் நுனி எவ்வளவு தூரம் துள்ளும்! ஹவ் லீ, பத்மநாபன், வாங் என்ற மூன்று பேரும் 1997இல் இதைப்பற்றி எழுதிய கட்டுரைகளில் வருகிற பிரபலமான உதாரணம் குழந்தைகளின் பாம்பர்ஸ். குழந்தைகள் ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட ஒரே அளவைத்தான் பாவிக்கிறார்கள். ஆனால் கடைக்காரரின் ஓடர் கொஞ்சம் ஏறி இறங்குகிறது, மொத்த வியாபாரியின் ஓடர் அதைவிட ஏறி இறங்குகிறது, தொழிற்சாலை மூலப்பொருளுக்குப் போடுகிற ஓடர் தாறுமாறாகத் துள்ளுகிறது. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் நிற்கிறவரின் ஓடரை மட்டும் பார்க்கிறார். கடைசியில் இருக்கிற குழந்தையை யாரும் பார்ப்பதில்லை.

கியூஆர் செய்தது இதைத்தான். ஒரு வாகனத்துக்குக் கிழமைக்கு இவ்வளவு, உன்னுடைய பங்கு உனக்கு இருக்கு, ஓடிவரத் தேவையில்லை என்று சொன்னது. ஒரே ஆள் மூன்று செட்டில் நின்று கானில் அடித்து விற்கிற வேலையைக் குறைத்தது. ஒரு மாதத்துக்கு நாட்டுக்கு எவ்வளவு எரிபொருள் போதும், அதற்கு எவ்வளவு டொலர் தேடவேண்டும் என்று அரசாங்கம் ஓரளவு முன்கூட்டியே கணக்குப் பார்க்கக்கூடியதாக வந்தது. இது சின்ன விசயம் இல்லை.

ஆனால் கியூஆர் ஒரு கப்பலையும் கொண்டுவரவில்லை. கப்பல் வந்தது, டொலரைத் தேடிக் கட்டியபிறகுதான். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்த நாட்டுக்கு யாரும் சும்மா நம்பி எண்ணெய் தரமாட்டார்கள். அந்த இடைவெளியில் எங்களுக்குத் தெரிந்த பெரிய உதவி எரிபொருளுக்காக இந்தியா தந்த 500 மில்லியன் டொலர் கடன் வசதி. அது ஒரு உறவு. அதற்குள் அரசியல் இருக்கு, விலை இருக்கு, அது வேறு கதை. ஆனால் அந்த உறவை எந்த மென்பொருளும் எழுதித் தரவில்லை.

கியூஆருக்குக் கண் தெரியாத ஆட்களும் இருந்தார்கள். தொடக்கத்தில் ஓட்டோ என்றால் எல்லாம் ஒன்றுதான். வீட்டில் நிறுத்திவைத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற ஓட்டோவுக்கும் 5 லீற்றர், கொட்டாஞ்சேனையில் காலை ஐந்து மணிக்கு ஹயர் தொடங்கி இரவு பத்துக்கு முடிக்கிற ஓட்டோவுக்கும் 5 லீற்றர். ஹயர் ஓடுகிற ஒரு ஆளுக்கு 5 லீற்றர் எத்தனை நாளைக்குக் காணும்? முறைமை வாகனத்தை எண்ணியது, அதை வைத்துப் பிழைக்கிற ஆளை எண்ணவில்லை. அந்த வருடம் நவம்பரில்தான், முதலில் மேல் மாகாணத்தில், ஹயர் ஓடும் ஓட்டோக்களைத் தனியாகப் பதிந்து அவர்களுடைய ஒதுக்கீட்டைக் கூட்டினார்கள். தெருமுனை ஓட்டோ ஸ்ராண்டில் நிற்கிற அண்ணாமாரிடம் ஜூலையில் ஒருவர் போய்க் கேட்டிருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும். யாரிடம் கேட்கவேண்டும் என்பதும் ஒரு உறவுதான்.

இனிப் புறக்கோட்டைக்கு வருவோம். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே போகலாம்.

நாலாம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, கருவாடு, செத்தல் மிளகாய் இறங்குகிற இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே பெரிய கணினி ஒன்றும் இல்லாமலே வருடக்கணக்காகப் பொருள் ஓடுகிறது. வெள்ளவத்தைக் கடைக்காரர் போனில் சொல்லுவார், லொறியில் மூட்டை வரும், காசு அடுத்த லோட் வரும்போது அல்லது பின்திகதியிட்ட செக்கில். செக் திரும்பினால் அது வங்கியோடு முடியாது. தெரு முழுக்கத் தெரியவரும். அந்தப் பயமும் மரியாதையும்தான் அங்கே உத்தரவாதம். மூட்டை தூக்குகிற நாட்டாமிமார், கைவண்டி இழுப்பவர்கள், லொறிச் சாரதிகள் என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பெயர் இல்லாத ஆட்களின் ஞாபகத்தில் பாதிச் சங்கிலி ஓடுகிறது.

இதே ஏற்பாடு கடல் தாண்டியும் இருக்கு. வெளிநாட்டு விற்பனையாளர் வங்கிக் கடன்கடிதம் ஒன்றும் கேட்காமல் சரக்கை முதலில் அனுப்புவார், புறக்கோட்டை இறக்குமதியாளர் பிறகு காசு கட்டுவார். இதை 'ஓப்பின் அக்கவுண்ட்' என்று சொல்லுவார்கள். வருடக்கணக்கான பழக்கம் இல்லாமல் யாரும் அப்படி அனுப்பமாட்டார்கள். 2022 மே மாதம் அரசாங்கம் இந்த முறையில் இறக்குமதி செய்வதைத் தடைசெய்தது. காரணமும் இருந்தது. இப்படிக் கட்டப்படும் காசில் பெரும்பகுதி உண்டியல் வழியாகப் போகிறது, வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் அனுப்பும் டொலர் வங்கிக்கு வராமல் அந்தப் பக்கம் திரும்புகிறது என்று மத்திய வங்கி சொன்னது. அந்தக் கவலை பொய்யில்லை. ஆனால் வங்கியிடமும் அந்த நேரம் டொலர் இல்லையே! வங்கி வழி அடைபட்டிருந்தபோது உணவுச் சாமான் வந்துகொண்டிருந்த ஒரு முக்கிய வழியும் அடைபட்டது. உணவு இறக்குமதி நின்றுபோகும் என்று புறக்கோட்டை வியாபாரிகள் எச்சரித்தார்கள். சில மாதங்களுக்குள் அத்தியாவசிய உணவுப் பொருட்களுக்கு அந்தக் கதவைத் திரும்பத் திறக்கவேண்டி வந்தது.

இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசாங்கத்தின் கையொப்பத்துக்கு ஒரு கப்பல் பெற்றோலை இறக்கவில்லை. அதே மாதங்களில் ஒரு சாதாரணத் தெருவில் இருக்கிற வியாபாரியின் வாய்ச்சொல்லுக்கு வெளிநாட்டில் ஒருவர் கொள்கலன் அனுப்பத் தயாராக இருந்தார். வித்தியாசம் பணத்தின் அளவில் மட்டும் இல்லை. ஒருவர் பழைய பாக்கியைத் தீர்த்து வைத்திருந்தார், மற்றவர் தீர்க்கவில்லை.

இப்படிச் சொல்லும்போது ஒரு ஆபத்து இருக்கு. "அந்தக் காலத்து நம்பிக்கை", "வாய்ச்சொல்லே பத்திரம்" என்று புகழ்ந்துகொண்டே போய்விடலாம். அதை நாங்கள் செய்ய விரும்பவில்லை. உறவால் ஓடுகிற சங்கிலிக்கு ஒரு வாசல் இருக்கு, அந்த வாசலில் யாரை விடுவது என்று தீர்மானிக்க ஆட்களும் இருக்கிறார்கள்.

பால்மாத் தட்டுப்பாட்டை எடுங்கள். தெரிந்த வீட்டு ஆட்களுக்குக் கடைக்காரர் மேசைக்குக் கீழே ஒரு 400 கிராம் பக்கற் எடுத்து வைத்திருப்பார். அது அன்புதான், வியாபாரமும்தான். ஆனால் போன மாதம் ஊரிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைக்கு அதே கடையில் "முடிஞ்சுது தங்கச்சி" என்ற பதில்தான். மொத்த வியாபாரத்திலும் இதே கதைதான், அளவுதான் பெரிது. யாருடைய மகன், எந்த ஊர், என்ன சாதி, என்ன மதம், யார் பொறுப்பு என்று கேட்டுத்தான் கடன் திறக்கும். வீட்டில் கேக் செய்து இன்ஸ்டகிராமில் விற்கிற ஒரு பெண் மாவையும் சீனியையும் மொத்த விலையில் கடனுக்கு எடுக்கப் போனால் அவருக்கு அந்தக் கேள்விகளில் எதற்கும் சரியான பதில் இருக்காது. ஒழுங்காகக் காசு கட்டுகிறவர் என்பதைக் காட்ட அவரிடம் ஒரு கொப்பியும் இல்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நடந்ததையும் மறக்கேலாது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த பிறகு முஸ்லிம் கடைகளில் வாங்காதே என்ற பிரசாரம் நாடு முழுக்க ஓடியது. வருடக்கணக்கான வாடிக்கை உறவுகள் சில நாளில் அறுந்தன. உறவு மட்டும்தான் உத்தரவாதம் என்றால் வெறுப்பு வருகிற நாளில் அந்த உத்தரவாதம் போய்விடும்.

இந்த இடத்தில் தகவல் உதவும். எப்படி உதவும் என்பதற்கு நல்ல உதாரணம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கு. கேரளாவின் வட கரையில், காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில், 1997க்கும் 2001க்கும் இடையில் செல்போன் வந்தது. அதற்கு முன்னர் சாளை மீன் பிடித்து வருகிற படகு தன்னுடைய ஊர்த் துறைக்கே போகும். அங்கே மீன் நிறைந்திருந்தால் கொட்டவேண்டியதுதான். பத்து, பதினைந்து கிலோமீற்றர் தள்ளி இன்னொரு துறையில் அதே நேரம் மீனுக்கு ஆள் தவித்துக்கொண்டிருக்கும். போன் வந்தபிறகு கடலில் இருந்தே விலை கேட்டுத் திசை திருப்பினார்கள். ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, 5 முதல் 8 வீதம்வரை வீணாகிய மீன் கிட்டத்தட்ட வீணாகாமல் போனது, மீனவரின் இலாபம் 8 வீதம் கூடியது, வாங்குகிறவர் கொடுக்கிற விலை 4 வீதம் குறைந்தது. எல்லாருக்கும் நன்மை.

ஆனால் அந்தக் கதைக்கு ஒரு பின்பகுதி இருக்கு. வலைக்கும் இயந்திரத்துக்கும் தரகரிடம் கடன் வாங்கிய மீனவருக்குப் பக்கத்துத் துறையில் என்ன விலை என்று தெரிந்தாலும் பிரயோசனம் குறைவு. பிடித்ததைக் கடன் தந்தவரிடமே கொடுக்கவேண்டும். எங்கட வடக்கு, கிழக்குக் கரைகளில் முதலாளியிடம் முற்பணம் வாங்கித் தொழில் செய்கிறவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. விலை தெரிந்தால் மட்டும் போதாது, அந்த விலையைத் தேடிப் போகிற சுதந்திரமும் வேண்டும்.

தம்புள்ளையிலும் இதைத்தான் பார்க்கிறோம். 1999இல் தொடங்கிய தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம்தான் கொழும்புக்கு வருகிற மரக்கறியில் பெரும்பகுதியின் விலையைத் தீர்மானிக்கிறது. லேர்ன் ஏஷியா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2008இல் அங்கே விற்கிற சிறு விவசாயிகளைப் பற்றிச் செய்த ஆய்வில், அவர்களுடைய மொத்தச் செலவில் சுமார் 11 வீதம் தகவல் தேடுவதற்கே போகிறது என்று கண்டார்கள். விதை, உரம், யார் வாங்குவார், என்ன விலை என்று அலைந்து கேட்கிற செலவு அது. அதன் பிறகு போனில் தம்புள்ளை விலையைச் சொல்லும் சேவைகளும் வந்தன. நல்லது. ஆனால் விடியப்புறம் மூட்டையோடு வந்து நிற்கிற விவசாயிக்கு விலை தெரிந்தாலும், அழுகுகிற தக்காளியைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போக முடியாது. குளிர்க் களஞ்சியம் வேண்டும், வேறு வாங்குபவர் வேண்டும், கடன் வேறு இடத்தில் கிடைக்கவேண்டும். இவை இல்லாத இடத்தில் விலைப்பட்டியல் "நீ இவ்வளவு நட்டப்படுகிறாய்" என்பதை மட்டும் துல்லியமாகச் சொல்லும்.

இன்னொரு விசயம் இருக்கு. பட்டியல் என்ற சொல்லை நாங்கள் மற்றவர்களைப்போல இலகுவாகக் கேட்கமுடியாது.

1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் வீடுகளையும் கடைகளையும் தேடி வந்தன. வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் எரிந்த கடைகளைப் பற்றி எங்கட வீடுகளில் இன்றைக்கும் கதைக்கிறார்கள். வாக்காளர் பட்டியலும் ஒரு தகவல் முறைமைதான். அதைத் தயாரித்த காரணம் வேறு, பாவித்த காரணம் வேறு. 1990களில் வடக்குக்கு என்னென்ன போகக்கூடாது என்று இன்னொரு பட்டியல் இருந்தது. பெற்றோல், பற்றரி என்று நீண்ட பட்டியல் அது. யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள், ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பொலிசார் பஸ்ஸில் ஏற்றிக் கொழும்புக்கு வெளியே அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. யார் எங்கே தங்கியிருக்கிறார் என்று பதிந்து வைத்திருந்த ஊரில்தான் அது நடந்தது.

அதனால் ஒரு செயலி எங்கட அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம், வாகன இலக்கம் எல்லாவற்றையும் கேட்கும்போது எங்கட பெற்றோர் ஒரு நிமிசம் யோசிப்பதைப் பழைய ஆட்களின் பயம் என்று சிரிக்கத் தேவையில்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 மார்ச்சில் நிறைவேறியது. அதே வருடம் ஜூலையில் நாடு முழுக்க வாகனம் வைத்திருக்கிற ஆட்களின் விபரம் எரிபொருள் அட்டைக்காகச் சேர்க்கப்பட்டபோது அந்தச் சட்டத்தின் முக்கிய பிரிவுகள் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. 2023 செப்டம்பரில் எரிபொருள் ஒதுக்கீட்டை நிறுத்தினார்கள். சேர்த்த தரவுக்கு என்ன கணக்கு என்று கேட்கிற உரிமை எங்களுக்கு இருக்கு. அரசாங்கத்துக்கும் சனத்துக்கும் இடையில் உறவு சரியாக இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல முறைமையும் சந்தேகத்தோடுதான் தொடங்கும்.

எங்கட வயதுக்காரர் பலர் இப்ப பகுதிநேரமாக சாப்பாட்டு டெலிவரி ஓடுகிறார்கள். அந்தத் துறையில் ஓடுகிறவரைப் 'பார்ட்னர்' என்று அழைப்பது வழக்கம். பங்காளி! எந்த ஓடர் யாருக்குப் போகிறது, ஏன் இன்றைக்குக் காசு குறைவு, ஏன் கணக்கு முடக்கப்பட்டது என்று பங்காளிக்குத் தெரியாது. கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிசனும் இல்லை, ஒரு தானியங்கி மெசேஜ் வரும். அவர் எங்கே நிற்கிறார், எத்தனை நிமிசம் எடுத்தார், வாடிக்கையாளர் எத்தனை நட்சத்திரம் போட்டார் என்று நிறுவனத்துக்கு எல்லாம் தெரியும். தகவல் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஓடுகிற இடத்தில் பங்காளி என்ற சொல் வெறும் மரியாதைச் சொல். புறக்கோட்டை முதலாளி கறாரான ஆளாக இருக்கலாம், ஆனால் அவரிடம் போய் "ஏன் முதலாளி இப்பிடி?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்கலாம்.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வோல்மார்ட்டும், பாம்பர்ஸ் செய்கிற புரொக்டர் அன்ட் கம்பிளும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தன. அதுவரை விலைக்குச் சண்டை பிடித்த இரண்டு பெரிய நிறுவனங்கள். வோல்மார்ட் தன் கடைகளில் என்ன விற்கிறது என்ற தரவைத் திறந்து காட்டியது, மற்றவர் அதைப் பார்த்துத் தானே பொருளை நிரப்பினார். இதை முகாமைத்துவ வகுப்புகளில் தொழில்நுட்பத்தின் வெற்றியாகச் சொல்லுகிறார்கள். எங்களுக்கு அதில் முக்கியமாகத் தெரிவது வேறு. கணினியை இணைப்பதற்கு முதல் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, உன் கணக்கை நான் பார்க்கலாம், என் கணக்கை நீ பார்க்கலாம், அதை வைத்து உன் கழுத்தைப் பிடிக்கமாட்டேன் என்று பேசி முடித்திருந்தார்கள். பெரிய நிறுவனம் பெரிய நிறுவனத்துக்குக் கொடுக்கிற இந்த மரியாதையை ஓட்டோ ஓடுகிறவருக்கும், தம்புள்ளைக்கு மூட்டை கொண்டுவருகிறவருக்கும் யார் கொடுப்பது?

நாங்கள் கேட்பது மூன்று விசயம்.

ஒன்று, அரசாங்கம் வாங்குகிற பொருளுக்கு உரிய நேரத்தில் காசு கட்டவேண்டும், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை வெளியில் சொல்லவேண்டும். கடலில் நிற்கிற கப்பலைப் பற்றி நாங்கள் ஐம்பதாவது நாள் பாராளுமன்றத்தில் கேட்டு அறியக்கூடாது.

இரண்டு, தகவல் இரண்டு பக்கமும் ஓடவேண்டும். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி நிறுவனமும் மத்திய வங்கியும் மொத்தச் சந்தை விலைகளைச் சேர்த்து வெளியிடுகின்றன. அது தமிழில், போனில் வாசிக்கக்கூடியதாக, கிளிநொச்சி விவசாயிக்கும் கொட்டாஞ்சேனைச் சில்லறைக் கடைக்கும் அன்றைக்கே போய்ச்சேர வேண்டும். ஒழுங்காகக் கடன் கட்டுகிற சிறு வியாபாரிக்கு அந்த வரலாற்றை எழுத்தில் எடுத்துக்கொண்டு இன்னொரு இடத்துக்குப் போகிற வழி இருக்கவேண்டும். அப்பதான் யாருடைய மகள் என்ற கேள்விக்கு முதல் அவர் எப்படித் தொழில் செய்கிறார் என்ற கேள்வி வரும்.

மூன்று, எந்த முறைமையைக் கட்டினாலும் அதில் கடைசியாக நிற்கப்போகிற ஆளை முதல் கூட்டத்துக்கே கூப்பிடவேண்டும். சேர்த்த தரவு எதற்கு, எவ்வளவு காலத்துக்கு, வேறு யார் பார்க்கலாம் என்பது பதிவுப் படிவத்திலேயே மூன்று மொழியிலும் இருக்கவேண்டும்.

இதில் எதுவும் பெரிய தொழில்நுட்பம் இல்லை. அடுத்த தட்டுப்பாடு வரும், அதோடு அடுத்த செயலியும் வரும். எங்கட வட்டத்தில் அதைக் கட்டப்போகிறவர்களும் சிலர் இருப்பீர்கள், மற்றவர்கள் அதில் பதியப்போகிறவர்கள். யாருக்குக் காசு பாக்கி, யாரை இது எண்ணவில்லை, இந்தப் பட்டியல் நாளைக்கு யாருடைய கைக்குப் போகும் என்ற கேள்விகளைக் கட்டுகிறவர்களும் பதிகிறவர்களும் அந்த முதல் நாளே கேட்கவேண்டும். கியூவில் நின்றுகொண்டு கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்காது.